பட்ட மரமா, இலை உதிர்ந்த மரமா?

போன இதழில் பிக்காசோவின் ‘கொரியப் படுகொலை’ ஓவியத்தைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கொரியத் தொடர் பார்க்கும் கல்லூரிப் பிள்ளைகள், ஹான் காங்குக்கு நோபல் கிடைத்த பிறகு அந்த ஊர் நாவல்களைத் தேடுகிறவர்கள், என்னைப் போல ஓவிய ஆசிரியர் வேலை பார்த்தவர்கள் என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். அதனால் இந்த முறை முழுப் பகுதியும் கொரியாவுக்குத்தான். என் மகள் சுவோன் நகரத்தில் வேலை பார்க்கிறாள். 2023 மார்ச்சில் அவளோடு மூன்று வாரம் தங்கியிருந்தேன். அப்போது கண்ணால் பார்த்ததையும், அதற்கு முன்னும் பின்னும் படித்ததையும் வைத்துப் பதில் சொல்கிறேன்.

தலைப்பை எடுத்துவிட்டால் அந்த ஓவியத்தில் கொரியா எங்கே இருக்கிறது, டீச்சர்? எந்த ஊர்ச் சண்டை என்றே தெரியவில்லையே?
– எஸ்.கே., நாகர்கோவில்

சரியான இடத்தில் கையை வைத்துவிட்டீர்கள். 1950 முதல் 1953 வரை வட கொரியாவும் தென் கொரியாவும் மோதிக்கொண்டன, தெற்கின் பக்கம் அமெரிக்கா நின்றது. அந்தப் போரின் நடுவில், 1951 ஜனவரி 18 என்று தேதி போட்ட ஓவியம் அது. ஒட்டுப்பலகையில் எண்ணெய் வண்ணம். 2 மீட்டருக்குக் கொஞ்சம் அதிக அகலம். இடது பக்கம் நிர்வாணமாகப் பெண்கள், அதில் கர்ப்பிணிகளும் உண்டு, அவர்களோடு ஒட்டிக்கொண்டு குழந்தைகள். வலது பக்கம் இரும்புக் கவசமும் முகமூடியுமாக ஆயுதம் நீட்டும் ஆட்கள். கொடி இல்லை, ராணுவச் சின்னம் இல்லை, மலையோ வீடோ பார்த்து ஊரைக் கண்டுபிடிக்கவும் வழி இல்லை. ஸ்பெயினில் கோயா வரைந்த ‘1808 மே 3’ ஓவியத்தின் அமைப்பை அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறார். பிக்காசோ கொரியாவுக்குப் போனவரும் இல்லை. பத்திரிகையில் படித்துப் பிரான்ஸில் கொதித்த மனம் அது. அவர் சேர்ந்திருந்த பிரெஞ்சுக் கம்யூனிஸ்ட் கட்சிக்கும் இந்த ஓவியம் அவ்வளவாகப் பிடிக்கவில்லை. சுடுகிறவன் அமெரிக்கன் என்று தெளிவாகத் தெரியவில்லையே என்ற குறை அவர்களுக்கு.

தென் கொரியாவுக்கு வேறு கோபம். தெற்குத் துறைமுக நகரமான பூசானில் போர்க்காலத்தில் அகதியாக இருந்த கிம் ப்யோங் கி என்ற ஓவியர், தான் அத்தனை நாள் நேசித்த பிக்காசோவுக்கு விடைகொடுத்து எழுதினார். வடக்கிலிருந்து தப்பி வந்தவர் அவர். அந்தப் போரில் யார் யாருக்கு என்ன செய்தார்கள் என்று பார்த்திருந்த அவருக்கு, பாரிஸிலிருந்து வந்த அந்தப் படம் பொய்யாகப் பட்டது. அப்புறம் பல வருஷம் பிக்காசோ பெயரே அங்கே ஆகாத பெயர். 1969ல் ‘பிக்காசோ’ என்று கிரேயானுக்குப் பெயர் வைத்த கம்பெனி முதலாளி மீது கம்யூனிச எதிர்ப்புச் சட்டத்தில் வழக்கே போட்டார்கள். குழந்தைகள் வண்ணம் தீட்டும் கிரேயான்! அந்த ஓவியம் முதல் தடவை கொரிய மண்ணில் மாட்டப்பட்டது 2021 மே மாதம், சியோலில். வரைந்து 70 வருஷம் கழித்து.

நான் அந்த ஓவியத்தைக் குறை சொல்ல மாட்டேன். தாய் வயிற்றைக் குறிவைக்கிற துப்பாக்கியை அவர் வரைந்தது வரைந்ததுதான். ஆனால் கொரிய ஓவியர்களைப் பார்க்கத் தொடங்கியதும் எனக்கு ஒன்று உறைத்தது. தூரத்தில் இருந்தவர் துப்பாக்கியை வரைந்திருக்கிறார். அதன் நடுவில் கிடந்தவர்கள் நண்டையும் மரத்தையும் மாட்டு வண்டியையும் வரைந்திருக்கிறார்கள். இந்த மாதக் கேள்விகளில் பாதிக்கு மேல் இதைச் சுற்றித்தான் பதில் வரும்.

அந்தப் படுகொலையைச் செய்தது யார் என்று கடைசிவரை நீங்கள் சொல்லவில்லை.
– ஜெ.பி., திண்டுக்கல்

பிக்காசோ எந்தச் சம்பவத்தையும் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. ஆனால் வட கொரியாவில் ஹ்வாங்ஹே மாகாணத்துச் சின்சொன் என்ற ஊரோடுதான் இந்த ஓவியத்தை வழக்கமாகச் சேர்த்துச் சொல்வார்கள். 1950 கடைசியில் அங்கே நடந்த கொலைகளுக்கு வட கொரிய அரசு ஓர் அருங்காட்சியகமே வைத்திருக்கிறது. இறந்தவர்கள் 35,383 பேர், கொன்றது அமெரிக்கப் படை என்பது அவர்கள் கணக்கு.

இதை மறுத்துத் தென் கொரிய எழுத்தாளர் ஹ்வாங் சொக் யோங் 2001ல் ‘விருந்தாளி’ என்று ஒரு நாவல் எழுதினார். அவர் 1989ல் தடையை மீறி வடக்கே போய்வந்தவர், அதற்காகச் சிறையில் வருஷக்கணக்கில் இருந்தவர். அவர் வடக்குக்கு வக்காலத்து வாங்கியும் எழுதவில்லை, தெற்குக்கு வாங்கியும் எழுதவில்லை. சின்சொன்னில் வெட்டிக்கொண்டது ஒரே ஊர்க்காரர்கள், ஒரு பக்கம் கிறிஸ்தவர்கள், மறுபக்கம் கம்யூனிஸ்டுகள் என்கிறது நாவல். கொரியாவில் பெரியம்மையை ‘விருந்தாளி’ என்று மரியாதையாகச் சொல்லும் வழக்கம் இருந்தது. நம் ஊரில் ‘அம்மை’ என்கிறோமே, ‘ஆத்தா வந்திருக்கா’ என்கிறோமே, அதே பயமும் பணிவும்தான். வெளியிலிருந்து வந்த இரண்டு கொள்கைகளையும் அவர் அந்தப் பெயரால் கூப்பிடுகிறார். நாவலின் 12 பகுதிகளும் இறந்த ஆவிகளை அமைதிப்படுத்துகிற ஒரு பேயோட்டுச் சடங்கின் வரிசையில் அமைந்தவை. செத்தவர்களும் கொன்றவர்களும் ஆவியாக ஒரே வீட்டுக்கு வந்து உட்கார்ந்து, மாற்றி மாற்றித் தங்கள் கதையைச் சொல்கிறார்கள். இரண்டு அரசுக்கும் பிடிக்காத புத்தகம். எனக்கு அதன் மேல் மரியாதை கூடியதற்கு அதுவும் ஒரு காரணம்.

சியோல் யோங்சானில் இருக்கும் போர் நினைவகத்தின் வெளியே ‘சகோதரர்கள்’ சிலை இருக்கிறது. பிளந்த கருங்கல் மேட்டின்மேல், தென் ராணுவ அதிகாரியான அண்ணன், வட ராணுவச் சிப்பாயான தம்பியைக் கட்டிப்பிடித்து நிற்கிறார். பார்த்தால் தொண்டை அடைக்கத்தான் செய்கிறது. ஆனால் அண்ணன் ஓங்கி நிற்கிறார், தம்பி சிறுத்து அவர் மார்பில் சாய்ந்திருக்கிறான். மன்னிக்கிறவர் யார், மன்னிக்கப்படுகிறவர் யார் என்பதைச் சிலை செய்தவர்களே முடிவு பண்ணிவிட்டார்கள். ‘விருந்தாளி’யில் அந்த வசதி யாருக்கும் இல்லை.

சிகரெட் பெட்டித் தாளில் வரைந்த கொரிய ஓவியர் என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். அவர் யார்?
– தே. மா., கும்பகோணம்

லீ ஜுங் சொப். 1916ல் இன்றைய வட கொரியாவில் பிறந்தவர். தோக்கியோவில் ஓவியம் படித்தார், கூடப் படித்த ஜப்பானியப் பெண்ணை 1945ல் வொன்சான் ஊரில் மணந்தார். மாட்டை வரைவதில் அவருக்கு இணை இல்லை என்பார்கள். விலாவும் திமிலும் விறைத்துக்கொண்டு நிற்கும் அவர் மாடுகளைப் பார்த்தால் நமக்கு ஜல்லிக்கட்டுக் காளை ஞாபகம் வரும். ஆனால் அவை உழவு மாடுகள். 1950 டிசம்பரில் மனைவியோடும் இரண்டு சிறு மகன்களோடும் கப்பலேறிப் பூசானுக்குத் தப்பினார். அம்மா வொன்சானிலேயே தங்கிவிட்டார். அதுவரை வரைந்த ஓவியச் சுருளை அம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்தார். அம்மாவையும் அப்புறம் பார்க்கவில்லை, அந்த ஓவியங்களையும் பார்க்கவில்லை.

1951ல் ஏறக்குறைய 11 மாதம் அந்தக் குடும்பம் ஜெஜு தீவில் சொக்விபோ என்ற ஊரில் இருந்தது. அந்த வீடு இப்போதும் இருக்கிறது. கூரை வேய்ந்த வீடு, அதன் ஒரு ஓரத்தில் ஒண்டிக் குடியிருந்த அறை. 50 சதுர அடிகூட வராது. நான் வாசலில் நின்று எட்டிப் பார்த்தேன். என் வீட்டுச் சாமி அறையைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். நாலு பேர் அதில் எப்படிக் காலை நீட்டிப் படுத்தார்கள் என்று யோசித்தபடியே திரும்பினால், எதிரே கடலும் ஒரு தீவும். அந்தக் காட்சியை அவர் வரைந்திருக்கிறார். போர் உச்சத்தில் இருந்த வருஷத்தில் வரைந்த படம். வீட்டுக் கூரைகள், மரங்கள், அமைதியான நீர்.

சாப்பாட்டுக்கு வழியில்லாமல் பிள்ளைகளோடு கடற்கரைக்குப் போய் நண்டு பிடித்து வந்து தின்றார்கள். அத்தனை நண்டைத் தின்றுவிட்டோமே என்ற இரக்கத்தில்தான் பிறகு நண்டு நண்டாக வரைந்தார் என்று சொல்வார்கள். அவர் படங்களில் நண்டு பையனின் கால் கட்டைவிரலைக் கவ்வும், பையன் சிரிப்பான். குழந்தை, நண்டு, மீன் எல்லாம் ஒரே கயிற்றில் கோத்த மாதிரி ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கும். கை விட்டுவிடக் கூடாது என்று அவற்றை வரைந்தவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

1952ல் மனைவியும் பிள்ளைகளும் ஜப்பான் போய்விட்டார்கள். பசியும் நோயும் தாங்கவில்லை. 1953ல் ஒரு தடவை போய் ஒரு வாரம்போல அவர்களோடு இருந்துவிட்டு வந்தார். அதற்குப் பிறகு சந்திப்பே இல்லை, கடிதம்தான். கடிதங்களின் ஓரமெல்லாம் படம். பிள்ளைகள் சண்டை போடக் கூடாது என்று ஒரே படத்தை இரண்டாக வரைந்து ஆளுக்கு ஒன்று அனுப்புவார். 1954ல் வரைந்த ‘வழி கிளம்பும் குடும்பம்’ அப்படிப் பிறந்ததுதான். அப்பா முன்னால் நடந்து மாட்டை ஓட்டிப்போகிறார். வண்டியில் அம்மாவும் இரண்டு பையன்களும், பூவும் பறவையுமாக. எல்லோரும் சேர்ந்து வெதுவெதுப்பான தெற்கு நாட்டுக்குப் போகிறோம் என்று மகனுக்கு எழுதினார். நான்கு வருஷத்துக்கு முன்னால் அவர் உண்மையில் பனியில் அம்மாவை விட்டுவிட்டு ஓடி வந்த பயணம் இருக்கிறதே, அதை எடுத்துத் திருவிழா வண்டியாக மாற்றி வைத்திருக்கிறார்.

தாள் வாங்கவும் காசில்லாத நாட்களில்தான் சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் வெள்ளித்தாள். ஆணியாலோ ஊசியாலோ அதில் கீறி, மேலே வண்ணம் பூசி, துடைத்துவிடுவார். கீறலுக்குள் மட்டும் வண்ணம் தங்கும். கொரியாவின் பழைய பச்சைப் பீங்கான்களில் கோடு வெட்டி வேறு மண்ணை நிரப்பும் வேலைப்பாடு ஒன்று உண்டு. அதன் ஞாபகம் அவர் கையில் இருந்திருக்கிறது. 300 வரை செய்தார் என்பார்கள். அதில் மூன்று 1956லேயே நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. அதே 1956 செப்டம்பரில், 40 வயதில், சியோலில் ஒரு மருத்துவமனையில் தனியாக இறந்தார். கேட்க ஆளில்லாத பிணமாக மூன்று நாள் கிடந்தது, பிறகுதான் நண்பர்களுக்குத் தெரிந்தது.

அந்த வெள்ளித்தாள்களைச் சியோல் தேசிய அருங்காட்சியகத்தில் பார்த்தேன். ஒவ்வொன்றும் தபால் அட்டை அளவு. கண்ணாடிக்கு மிக அருகே முகத்தைக் கொண்டுபோனால்தான் குழந்தைகள் தெரிகிறார்கள். கொஞ்சம் தலையை அசைத்தால் தாள் பளிச்சென்று மின்னி, கோடெல்லாம் மறைந்துவிடுகிறது. திரும்பச் சரியாக நின்றால் திரும்ப வருகிறார்கள்.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து அந்த வெள்ளித்தாள் ஓவியத்தைச் செய்ய முடியுமா?
– ஓர் ஓவிய ஆசிரியை, பட்டுக்கோட்டை

தாராளமாக முடியும். ஊருக்குத் திரும்பியதும் நான் முதலில் செய்து பார்த்தது அதைத்தான். சிகரெட் பெட்டி பள்ளிக்கூடத்துக்குள் வேண்டாம். சாக்லேட் சுற்றி வரும் தாள் போதும், உள்பக்கம் காகிதம் ஒட்டியதாக இருந்தால் நல்லது. கசங்கலை ஒரு ஸ்பூனின் முதுகால் நீவிவிடுங்கள். அடியில் பத்து மடிப்புச் செய்தித்தாள் இருக்க வேண்டும், வெறும் மேஜைமேல் வைத்தால் கோடு இறங்காது. மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாதான் சரியான கருவி. ஆணியை அழுத்தினால் கிழித்துவிடும். ஒரே இழுப்பில் வரைய வேண்டும், அழிக்க முடியாது, இதைப் பிள்ளைகளிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பழுப்பு எண்ணெய் வண்ணத்தை விரலால் மேலே தேய்த்து, ஒரு நிமிஷம் விட்டு, பழைய வேட்டித் துணியால் துடையுங்கள். அழுத்தித் துடைத்தால் கோட்டில் இருப்பதும் போய்விடும். தாளின் மேல் துணி வழுக்கிக்கொண்டு போகிற மாதிரி துடைக்க வேண்டும். எனக்கு ஏழாவது தாளில்தான் ஒழுங்காக வந்தது. அந்த ஏழு தாளும் முடிகிறபோது, பட்டினியில் இருந்த ஒரு மனிதருக்கு இத்தனை நிதானம் எப்படி வந்தது என்று நீங்களே பிள்ளைகளிடம் பேசத் தொடங்கிவிடுவீர்கள்.

தலைப்பில் ஏதோ மரம் பற்றி எழுதப்போவதாகப் போன இதழில் அறிவித்திருந்தீர்களே?
– வி. ரா., சேலம்

பார்க் சூ குன் என்ற இன்னோர் ஓவியரைப் பற்றியது அது. 1914ல் யாங்கு என்ற மலை ஊரில் பிறந்தவர், ஆரம்பப் பள்ளியோடு படிப்பு முடிந்தது. போர் நேரத்தில் சியோலில் அமெரிக்கப் படையினருக்கான கடை ஒன்று பெரிய வணிக மாளிகையில் நடந்தது. இன்று ஷின்செகே கடை இருக்கும் கட்டடம். அங்கே உட்கார்ந்து, சிப்பாய்கள் சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டும் மனைவி படத்தையும் காதலி படத்தையும் பட்டுத்துணியில் வரைந்து கொடுத்துக் குடும்பத்தைக் காப்பாற்றினார். அதே கடையில் வேலை பார்த்த ஓர் இளம்பெண், சிப்பாய்களைக் கூப்பிட்டு ஆர்டர் பிடிப்பார். பல்கலைக்கழகத்தில் சேர்ந்த உடனே போர் வந்து படிப்பு நின்றவர், அண்ணனைப் போரில் பறிகொடுத்தவர். அவர்தான் பின்னால் கொரியாவின் பெரிய நாவலாசிரியர் ஆன பார்க் வான் சோ.

1965ல் ஓவியர் இறந்தார். ஐந்து வருஷம் கழித்து, வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டிருந்த அந்தப் பெண் ஒரு பெண்கள் பத்திரிகை நடத்திய நாவல் போட்டிக்கு எழுதினார், பரிசும் வாங்கினார். அதுதான் ‘இலையுதிர்த்த மரம்’. கதையில் ஓவியருக்கு வேறு பெயர் வைத்திருக்கிறார். போர்க்காலத்தில் ஒரு நாள் அவர் வீட்டில் பாதி வரைந்த படத்தைப் பார்க்கிறாள் கதாநாயகி. பட்ட மரம் ஒன்று நிற்கிறது. பட்டுப்போன காலத்தில் பட்ட மரம்தான் தெரியும், இல்லையா? வருஷங்கள் ஓடுகின்றன. ஓவியர் இறந்தபின் நடக்கும் கண்காட்சிக்குக் கணவரோடு போகிறாள். அதே படம். பக்கத்தில் குழந்தையைச் சுமந்த ஒருத்தி, தலையில் சுமையோடு நடக்கும் ஒருத்தி. இப்போது பார்த்தால் அது பட்ட மரம் இல்லை. பனிக்காலத்தில் இலையை உதிர்த்துவிட்டு வசந்தத்துக்காக நிற்கிற மரம்.

நமக்குப் ‘பட்ட மரம்’ என்ற சொல் இருப்பதால் இந்த இடம் தமிழில் படிக்கும்போது இன்னும் நன்றாகக் குத்துகிறது என்பது என் எண்ணம். பட்ட மரம் தளிர்க்காது என்று நாம் சொல்லிக்கொண்டே வளர்ந்தவர்கள். படத்தில் மாறியது எதுவும் இல்லை, பார்த்தவளுக்கு வயது கூடியிருக்கிறது, அவ்வளவுதான்.

அசல் ஓவியங்களை நேரில் பார்த்தால் கையால் தடவத் தோன்றும். வண்ணத்தை அடுக்கடுக்காகப் பூசிக் காயவிட்டுக் காயவிட்டு, மேற்பரப்பு கருங்கல் மாதிரி சொரசொரப்பாக இருக்கும். தஞ்சாவூர்ப் பெரிய கோயில் மதிலில் பழைய எழுத்தைத் தடவிப் படிப்போமே, அப்படி. அந்தக் கல்லுக்குள்ளிருந்து கூடைக்காரியும் முதுகில் தம்பியைக் கட்டிய சிறுமியும் மெல்ல மெல்ல வெளியே வருவார்கள். முகத்தில் கண் மூக்கு துலங்காது. ஆண்கள் அங்கங்கே சும்மா உட்கார்ந்திருப்பார்கள், வேலை செய்வது பெண்கள்தான். போருக்குப் பின் வந்த பத்து வருஷத்தை எப்படித் தாண்டினார்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

கொரியப் போர்க் கைதிகள் மெட்ராஸ் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள் என்று என் தாத்தா சொல்வார். உண்மையா, கதையா?
– பி.எல்., ராயபுரம்

உண்மைதான். போர்நிறுத்தம் ஆனதும், சொந்த நாட்டுக்குத் திரும்ப மாட்டோம் என்ற 20,000க்கும் மேற்பட்ட கைதிகளை நடுநிலை நாடுகளின் ஆணையம் ஒன்றின் பொறுப்பில் விட்டார்கள். அதன் தலைவர் நம் ஜெனரல் திம்மையா. காவலுக்கும் இந்தியப் படைதான். இந்தியச் சிப்பாய் தன் மண்ணில் கால் வைக்கக் கூடாது என்று தென் கொரிய அதிபர் சிங்மன் ரீ பிடிவாதம் பிடித்ததால், இஞ்சோனில் கப்பலிலிருந்தே ஹெலிகாப்டரில் தூக்கிக்கொண்டுபோய் எல்லைப் பகுதியில் இறக்கினார்கள். அங்கே அவர்கள் கூடாரம் போட்ட இடத்துக்கு ‘ஹிந்த் நகர்’ என்று பெயர். கடைசியில் 76 கொரியர்களும் 12 சீனர்களும் வடக்கும் வேண்டாம், தெற்கும் வேண்டாம் என்ற முடிவில் நின்றார்கள். இந்தியப் படையோடு கப்பலேறி 1954 பிப்ரவரியில் அவர்கள் வந்து இறங்கியது மெட்ராஸில். அங்கிருந்து தில்லி. பிறகு பலர் பிரேசிலுக்கும் அர்ஜென்டினாவுக்கும் போனார்கள், சிலர் இங்கேயே தங்கிவிட்டார்கள்.

கொரிய இலக்கியத்தில் பெரிய நாவல் என்று சொல்லப்படுகிற ‘திடல்’ இந்தக் கப்பலில்தான் நடக்கிறது. எழுதியவர் சே இன் ஹூன், அவரும் வொன்சானிலிருந்து கப்பலில் தப்பி வந்த பையன். 1960ல், சிங்மன் ரீயை மாணவர்கள் இறக்கிய அதே வருஷம் வந்தது. நாவலில் கப்பலுக்குப் பெயர் ‘தாகூர்’. கதாநாயகன் இரண்டு பக்கமும் வாழ்ந்து பார்த்தவன். வடக்கில் திடல் மட்டும் உண்டு, தனக்கென்று ஓர் அறை கிடையாது. தெற்கில் அவரவர் அறை உண்டு, சேர்ந்து நிற்கத் திடல் கிடையாது. விசாரணை மேஜையில் எந்த நாடு என்று மாற்றி மாற்றிக் கேட்கிறார்கள். அவன் ‘நடுநிலை நாடு’ என்ற ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்கிறான். கப்பலைத் தொடர்ந்து இரண்டு கடற்பறவைகள் வருகின்றன. ஒரு காலையில் எண்ணிப் பார்த்தால் ஒரு கைதி குறைகிறான்.

உங்கள் தாத்தா பார்த்தது நிஜமாகவே வந்து சேர்ந்தவர்களை. அவர் சொன்னதில் இன்னும் எதுவும் ஞாபகம் இருந்தால் எழுதி அனுப்புங்கள், அடுத்த இதழில் போடுகிறேன்.

நான் கல்லூரி மாணவன். கொரியப் போர்ப் படங்கள் என்றால் எல்லாம் குண்டும் ரத்தமுமாக இருக்கின்றன. எதிலிருந்து தொடங்கலாம்?
– ந. கு., கோவை

தம்பி, போர்க்களம் இல்லாத இரண்டு படத்தில் தொடங்கு. முதலில் 1961ல் யூ ஹ்யூன் மோக் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம், ‘திசை தப்பிய தோட்டா’. சியோலில் வடக்கத்தி அகதிகள் குடியேறிய மேட்டுக் குடிசைப் பகுதி. கணக்கர் வேலை பார்க்கும் ஒருவனுக்குத் தாங்க முடியாத பல்வலி, பல் பிடுங்கக் காசில்லை. படுக்கையில் கிடக்கும் புத்தி பேதலித்த அம்மா திடீர் திடீரென்று எழுந்து “காஜா! காஜா!” என்று கத்துகிறாள். ‘போகலாம்! போகலாம்!’ என்று அர்த்தம். படம் வந்த சில வாரத்தில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது, படத்தைத் தடை செய்தது. அந்தக் கிழவி எங்கே போகலாம் என்கிறாள், வடக்குக்கா என்று அவர்களுக்குச் சந்தேகம். கடைசிக் காட்சியில் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வாயில் ரத்தத்தோடு டாக்ஸியில் ஏறுகிறான். பிரசவத்தில் மனைவி செத்துப்போயிருக்கிறாள், தம்பி கொள்ளையடித்துப் போலீஸில் இருக்கிறான். வீட்டுக்குப் போ என்கிறான், இல்லை ஆஸ்பத்திரிக்கு, இல்லை போலீஸ் ஸ்டேஷனுக்கு. திசை தப்பிய தோட்டா மாதிரி ஒரு ஆள் வந்து மாட்டினானே என்று டிரைவர் முணுமுணுக்கிறான்.

இரண்டாவது, பார்க் சான் வூக் 2000த்தில் எடுத்த ‘கூட்டுப் பாதுகாப்புப் பகுதி’. எல்லைக் கோட்டின் இருபுறமும் காவல் நிற்கும் நாலு சிப்பாய்கள் இரவில் ரகசியமாகக் கூடிச் சீட்டாடுகிறார்கள், சாக்கோபை என்ற சாக்லேட் கேக் தின்கிறார்கள். பகலில் முறைப்பாக எதிரெதிரே நிற்கும்போது வடக்கத்தி சார்ஜென்ட் வாயை அசைக்காமல் சொல்வான், உன் நிழல் கோட்டைத் தாண்டி வந்துவிட்டது, பார்த்துக்கொள் என்று. விசாரிக்க வரும் சுவிஸ் பெண் அதிகாரியின் அப்பா யார் தெரியுமா? மேலே சொன்ன, இரண்டு நாடும் வேண்டாம் என்ற 76 பேரில் ஒருவர். ராயபுரம் கேள்விக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தபோது இந்தப் பாத்திரம் ஞாபகம் வந்து, படத்தைத் திரும்பவும் பார்த்தேன். கடைசியில் வரும் அந்த ஒற்றைப் புகைப்படத்தை நான் சொல்லிக் கெடுக்க விரும்பவில்லை.

வடக்கில் ஓவியர்களே இல்லையா? எல்லாம் தெற்குக் கதையாகவே இருக்கிறதே.
– எம். ஃபா., யாழ்ப்பாணம்

இருக்கிறார்கள், நிறையவே. ஆனால் மான்சுதே கலைக்கூடம் போன்ற அரசு நிறுவனங்களில் சம்பளம் வாங்கி, சொன்னதை வரைகிறவர்கள். பியோங்யாங் போர் அருங்காட்சியகத்தில் தேஜோன் சண்டையை வட்ட மண்டபச் சுவர் முழுக்க வரைந்து வைத்திருக்கிறார்கள். படங்களில் பார்த்தேன். கை தேர்ந்த கை. ஆனால் எந்த முகத்திலும் சந்தேகம் இல்லை, அந்த மண்டபத்தில் எனக்கு வேலையில்லை என்று தோன்றிவிட்டது. ப்யோன் வொல் ர்யோங் என்ற சோவியத் கொரியர் மட்டும் விதிவிலக்கு. லெனின்கிராடில் ஆசிரியராக இருந்தவர், 1953ல் பியோங்யாங் ஓவியக் கல்லூரியைச் சீரமைக்கப் போனார், ஓராண்டுக்குச் சற்று மேல் இருந்து, போர்நிறுத்தம் கையெழுத்தான பன்முன்ஜொம் என்ற எல்லை ஊரின் காட்சிகளையும் அங்கிருந்த கலைஞர்களின் முகங்களையும் வரைந்தார். பிறகு அவரைத் திரும்ப வரவே விடவில்லை.

இப்போதைய வேலைகளில் என்னை அசைத்தது ஹாம் க்யுங் ஆ என்ற தென் கொரியப் பெண்ணின் எம்பிராய்டரி. ஒரு நாள் வீட்டு வாசலில் வடக்கிலிருந்து பறந்து வந்த பிரசாரத் தாள் கிடந்தது. அப்படியானால் நானும் ஏதாவது அனுப்புகிறேன் என்று, ஓவியத்தின் மாதிரியைச் சீனா வழியாகத் தரகர் மூலம் வடக்கே கடத்தி, அங்கிருக்கும் பெண்களைக் கொண்டு பட்டு நூலில் தைத்து வாங்குகிறார். சிலது திரும்பி வராது, வழியில் பறிபோய்விடும். வந்தவற்றில் பிரமாண்டமான சரவிளக்குகள், இருட்டில் தொங்குகின்றன, சில விழுந்து கிடக்கின்றன. சுவரில் விவரக் குறிப்பைப் படியுங்கள். வழக்கமாகக் ‘கேன்வாஸ், எண்ணெய் வண்ணம்’ என்று இருக்கும் இடத்தில், ‘வட கொரியக் கை எம்பிராய்டரி, பட்டு நூல், தரகர், கடத்தல், லஞ்சம், பதற்றம், தணிக்கை, சித்தாந்தம்’ என்று போட்டு, எத்தனை மணி நேரம், எத்தனை பேர் என்றும் எழுதியிருக்கும். தைத்தவள் பெயர் மட்டும் இருக்காது, இருக்கவும் முடியாது. தையல் தெரிந்தவள் என்பதால் சொல்கிறேன், நூல் எங்கே இழுபட்டு எங்கே தளர்ந்தது என்று பார்த்தால் அவளுக்கு அன்றைக்குக் கை வலித்ததா என்பதுகூடத் தெரியும்.

பிரிந்தவர்கள் எப்போதாவது சேர்ந்தார்களா?
– ஒரு வாசகி, மதுரை

1983ல் கொரியத் தொலைக்காட்சி ஜூன் 30 அன்று ஒரு நேரலை தொடங்கியது. ஒரு நாள் நிகழ்ச்சியாக நினைத்தது 138 நாள் ஓடியது. தொலைந்தவர் பெயரை எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு கேமரா முன் நின்றார்கள், நிலையத்தின் சுவரெல்லாம் காகிதம் ஒட்டினார்கள். தெற்குக்குள்ளேயே சிதறிப்போயிருந்த 10,000க்கும் மேற்பட்ட குடும்பங்கள் சேர்ந்தன. யாரும் கலை என்று நினைத்துச் செய்யவில்லை. ஆனாலும் தழும்பைக் காட்டி, “நீ என் கையைச் சுட்டாயே, ஞாபகம் இருக்கிறதா?” என்கிற ரீதியில் இரண்டு ஊர் ஸ்டுடியோக்களிலிருந்து பேசிக்கொள்ளும் அந்தப் பதிவுகளைப் பார்த்த பிறகு நான் வேறு எந்தப் படத்தையும் அன்று பார்க்கவில்லை.

லீ ஜுங் சொப்பின் மனைவி என்ன ஆனார்? (இது தொலைபேசியில் வந்த கேள்வி. பெயர் சொல்லவில்லை.)

யமமோட்டோ மசாகோ தோக்கியோவில் பிள்ளைகளை வளர்த்தார், மறுமணம் செய்துகொள்ளவில்லை. 2012ல், 91 வயதில், சொக்விபோவுக்கு வந்தார். கணவர் தன்னிடம் கொடுத்திருந்த வண்ணத் தட்டை 70 வருஷம்போலப் பத்திரமாக வைத்திருந்து, அந்த ஊர் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டுப் போனார். 2022 ஆகஸ்டில், 101 வயதில் காலமானார். அந்த வீட்டு வாசலில் நான் நின்றது அதற்கு ஏழு மாதம் கழித்து.